டெக்ஸஸின் சிறிய கவுண்ட்டி ஒன்றிலிருந்து மணவிலக்குத் தீர்ப்பின் நகலைச் சிங்கப்பூரிலிருந்து பெறுவது எப்படி?

பொங்கோல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அவர் சிங்கப்பூர்க் குடிமகன். எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவிகளைப் பொருத்தும் வேலைக்காக டெக்ஸஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அப்போது ஓர் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். திருமணம் ஹூஸ்டன் நகரத்தில் பதிவாயிற்று. ஆனால் அவர்கள் குடியிருந்தது அங்கிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில், மக்கள்தொகை சில ஆயிரத்தைத் தாண்டாத ஒரு சிறிய கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது மாநிலத்துக்குள் ஓர் ஆட்சிப் பிரிவு). 2011ஆம் ஆண்டு இருவரும் இணக்கமாகவே பிரிந்தார்கள். அதன் பிறகு அண்ணன் ஊர் திரும்பிவிட்டார்.

இப்போது அவருக்கு மறுமணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் ஈசூனைச் சேர்ந்தவர். இரு வீட்டாரும் மனநிறைவோடு இருக்கிறோம். திருமணப் பதிவகத்தில், முந்தைய மணம் முறிந்ததற்கான இறுதித் தீர்ப்பைக் காட்ட வேண்டும் என்று கூறுகிறார்கள். அண்ணனிடம் இருந்த கோப்பு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. வழக்கை நடத்திய வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முன்னாள் மனைவியைத் தொடர்புகொள்ள அண்ணன் விரும்பவில்லை. அவரும் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டிருப்பார், அதில் குறுக்கிடக் கூடாது என்கிறார். அவருடைய அந்த எண்ணத்தை நானும் மதிக்கிறேன்.

இணையத்தில் தேடினால், கட்டணம் செலுத்தினால் அமெரிக்காவின் எந்த மணவிலக்குப் பதிவையும் எடுத்துத் தருவதாகச் சொல்லும் தளங்கள்தாம் முதலில் வந்து நிற்கின்றன. அந்தக் கவுண்ட்டிக்கு ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. ஆனால் அதில் அலுவலக முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டுமே உள்ளன, வழக்குகளைத் தேடும் வசதி இல்லை. நான் யாரிடம் கேட்க வேண்டும்? ஹூஸ்டனிலா, அந்தச் சிறிய கவுண்ட்டியிலா, மாநிலத் தலைநகரிலா, அல்லது இங்குள்ள அமெரிக்கத் தூதரகத்திலா? பயணம் செய்யாமல், அஞ்சலிலேயே இதை முடிக்க முடியுமா? இந்த வழியில் நடந்து பழகியவர்கள் யாரேனும் இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_ராகம் எழுதியது:

வணக்கம். டெக்ஸஸ் மாநிலச் சுகாதாரத் துறையின் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவு மணவிலக்குகளுக்கும் ஆவணம் தருகிறது. 1968 முதல் மாநிலம் முழுவதும் நடந்த மணவிலக்குகளுக்கு அவர்களிடம் பதிவு இருக்கிறது. அங்கே விண்ணப்பித்தால் கவுண்ட்டியைத் தேடி அலைய வேண்டிய தேவையே இருக்காது என்று நினைக்கிறேன்.

பழைய_எழுத்தர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் பல ஆண்டுகள் இங்குள்ள வழக்கறிஞர் அலுவலகங்களில் எழுத்தராகப் பணியாற்றியவன். வெளிநாட்டு மணவிலக்கு ஆவணங்களை வரவழைப்பதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. தெம்பனிஸ் நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் மாநிலச் சுகாதாரத் துறை தருவது ஓர் உறுதிக் கடிதம் மட்டுமே. இன்னார், இன்னாரிடமிருந்து, இந்தத் தேதியில், இந்தக் கவுண்ட்டியில் மணவிலக்குப் பெற்றதாகத் தங்கள் பட்டியலில் உள்ளது என்று அந்தக் கடிதம் கூறும். நீதிமன்றத் தீர்ப்பின் இடத்தில் அதை வைக்க முடியாது என்பதை அந்தத் துறையே தெளிவாகச் சொல்கிறது. எந்தக் கவுண்ட்டி என்றே தெரியாதவர்களுக்கு அந்தக் கடிதம் பெரிய உதவி, ஏனென்றால் தேட வேண்டிய இடத்தை அது காட்டிக்கொடுக்கும். உங்கள் அண்ணனுக்கோ கவுண்ட்டி தெரியும். ஆகவே அந்தச் செலவும் காத்திருப்பும் அவருக்குத் தேவையில்லை.

அமெரிக்காவில் மணவிலக்கு மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. நாடு முழுமைக்கும் பொதுவான மணவிலக்குப் பதிவேடு எதுவும் மத்திய அரசிடம் கிடையாது. ‘பேசர்’ என்ற நீதிமன்றத் தேடல் தளத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது மத்திய நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியது, குடும்ப வழக்குகள் அதில் வராது. நேப்பியர் சாலையில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலும் கவுண்ட்டி நீதிமன்றங்களின் பதிவுகள் இல்லை. கட்டணத் தளங்கள் தருவது பல இடங்களிலிருந்து திரட்டிய தகவல் மட்டுமே. நீதிமன்ற முத்திரையும் எழுத்தரின் கையொப்பமும் இல்லாத அந்தத் தாளை எந்தப் பதிவகமும் ஏற்காது. தயவுசெய்து அவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

மணவிலக்குப் பதிவு எப்போதும் வழக்குத் தொடுக்கப்பட்ட இடத்திலேயே இருக்கும். திருமணம் எங்கே நடந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டெக்ஸஸில் மணவிலக்குக் கோருபவரோ எதிர்த்தரப்பினரோ அந்த மாநிலத்தில் ஆறு மாதமும், வழக்குத் தொடுக்கும் கவுண்ட்டியில் 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிரிந்த காலத்தில் இருவரில் ஒருவராவது எங்கே குடியிருந்தார் என்று அண்ணனிடம் கேளுங்கள். இருவருமே அந்தச் சிறிய கவுண்ட்டியில்தான் இருந்தார்கள் என்றால் ஹூஸ்டனை மறந்துவிடலாம். முன்னாள் மனைவி பிரிந்ததும் தாய்வீடு போய் அங்கிருந்து வழக்குத் தொடுத்திருந்தால் தேட வேண்டிய கவுண்ட்டி வேறாகிவிடும். பலர் பல வாரங்களை இழப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. டெக்ஸஸில் 254 கவுண்ட்டிகள் உள்ளன. பெரிய கவுண்ட்டிகளில் மணவிலக்குக் கோப்புகள் மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் இருக்கும். திருமண உரிமம், நிலப் பத்திரம் போன்றவை கவுண்ட்டி எழுத்தரிடம் இருக்கும். மக்கள்தொகை 8,000க்குக் குறைவான கவுண்ட்டிகளில் இரண்டு பொறுப்புகளையும் ஒரே எழுத்தர் வகிக்க மாநில அரசமைப்புச் சட்டம் இடமளிக்கிறது. லவிங் கவுண்ட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 64 பேர். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் ஒரு மாடியில் அதைவிட அதிகமானோர் இருக்கக்கூடும். அத்தகைய ஊர்களிலும் நீதிமன்றம் உண்டு, எழுத்தர் உண்டு, கோப்புகளும் உண்டு. நீங்கள் சொல்லும் கவுண்ட்டியிலும் பெரும்பாலும் ஒரே எழுத்தர்தான் இருப்பார். ‘கவுண்ட்டி மற்றும் மாவட்ட எழுத்தர்’ என்ற பதவிப் பெயருக்கே கடிதம் எழுதுங்கள்.

இணையத்தில் வழக்கு அகப்படாதது இயல்பே. டெக்ஸஸில் வழக்கறிஞர்கள் சிவில் வழக்குகளை மின்வழியில் தாக்கல் செய்வது கட்டாயமாக்கப்பட்டபோது, பெரிய கவுண்ட்டிகள் 2014இல் தொடங்கின. 20,000க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட கவுண்ட்டிகளுக்கு அது 2016 ஜூலையில்தான் வந்தது. 2011இல் முடிந்த வழக்கு என்றால், அது நீதிமன்றக் கட்டடத்தில் காகிதக் கோப்பாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தரோ அவருடைய உதவியாளரோ எழுந்து போய் அதை எடுக்க வேண்டும். அவர்கள் சிலரே இருந்து எல்லா வேலையையும் பார்ப்பவர்கள். சிறிய கவுண்ட்டிகள் பலவற்றில் தேர்தலை நடத்துவதும் அதே எழுத்தர்தான். ஆகவே நவம்பர் தேர்தலை ஒட்டிய வாரங்களில் பதில் தாமதமானால் மனம் தளர வேண்டாம்.

முதலில் தொலைபேசியில் பேசுங்கள். மேற்கு டெக்ஸஸின் பெரும்பகுதி மத்திய நேரத்தில் இயங்குகிறது. அங்கே காலை 8 மணி என்றால் மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை நமக்கு இரவு 9 மணி, மற்ற மாதங்களில் இரவு 10 மணி. சிறிய அலுவலகங்கள் மதிய உணவுக்கு மூடப்படுவதும் உண்டு. எனவே அவர்கள் திறந்தவுடன் அழைப்பதே நல்லது. அழைத்தவுடன் முழுக் கதையையும் சொல்லத் தொடங்காமல், “2011ஆம் ஆண்டு மணவிலக்குத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்று அஞ்சலில் வேண்டும், என்ன அனுப்ப வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும்” என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். சிற்றூர் எழுத்தர்கள் மரியாதையாகப் பேசுபவர்களுக்கு மிகுந்த பொறுமையுடன் உதவுவார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அவர்களிடம் சட்ட ஆலோசனை கேட்கக் கூடாது. அதை வழங்க அவர்களுக்கு அனுமதியில்லை.

பிறகு கடிதம். கணவன், மனைவி இருவரின் முழுப்பெயர்களும், மனைவியின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும், வழக்குத் தொடுத்த தோராயமான மாதமும், தீர்ப்பு வந்த தோராயமான மாதமும், தெரிந்தால் வழக்கு எண்ணும் அதில் இருக்க வேண்டும். டெக்ஸஸில் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாகக் குறைந்தது 60 நாள் கழியாமல் தீர்ப்பு வழங்கப்படாது. எனவே அண்ணன் நினைவில் வைத்திருக்கும் தேதி மனுவின் தேதியா, தீர்ப்பின் தேதியா என்று தெரியாவிட்டால் 2010 இறுதியிலிருந்து 2012 தொடக்கம் வரை தேடச் சொல்லுங்கள். கேட்பது முழுக் கோப்பை அல்ல, நீதிபதி கையொப்பமிட்ட இறுதித் தீர்ப்பை மட்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். முழுக் கோப்பில் மனு, அறிவிப்புகள், சொத்துப் பட்டியல் எல்லாம் சேர்ந்துவரும். நகலுக்கான கட்டணம் பக்கக் கணக்கில் போடப்படுவதால் செலவு வீணாகக் கூடும். வெளியார் பார்க்கத் தேவையில்லாத குடும்பச் செய்திகளும் அதில் இருக்கும்.

ஒரு செய்தியைச் சொல்லத் தயங்குகிறேன். ஆயினும் சொல்லியாக வேண்டும். வழக்குத் தொடுக்கப்பட்டும், யாரும் தொடர்ந்து நடத்தாததால் நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்ட மணவிலக்கு மனுக்கள் உண்டு. சம்பந்தப்பட்டவர்கள் பல ஆண்டுகள் தாங்கள் பிரிந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் அண்ணனுக்கு வழக்கறிஞர் இருந்தார், கோப்பும் கையில் இருந்தது என்பதால் அப்படி நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும், “கையொப்பமிட்ட இறுதித் தீர்ப்பு கோப்பில் இருக்கிறதா” என்று எழுத்தரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இங்கே திருமணம் பற்றிய சட்டமான மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு மணம் சட்டப்படி நிலுவையில் இருக்கையில் செய்யும் அடுத்த மணம் செல்லாது. திருமணப் பதிவகம் இறுதித் தீர்ப்பைக் கேட்பதன் காரணம் அதுவே. அந்தக் கண்டிப்பு வரப்போகும் அண்ணிக்கும் பாதுகாப்புதான்.

பொங்கோல்வாசி எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பிரிந்தபோது இருவரும் அதே கவுண்ட்டியில்தான் இருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்கிறார். நேற்றிரவு அலுவலகத்தை அழைத்தோம். பேசிய பெண்மணி மிகவும் அன்பாகப் பேசினார். ஆனால் அண்ணனின் பெயரில் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகம் வாடிவிட்டது. நீங்கள் சொன்ன தள்ளுபடி விவகாரமாக இருக்குமோ என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருக்கிறோம்.

செங்காங்_மீனா எழுதியது:

தங்கை, அதற்குள் கலங்க வேண்டாம். பட்டியலில் அகப்படவில்லை என்பதற்கும் பதிவு இல்லை என்பதற்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது, அதிலும் நம்மவர் பெயர்களைப் பொறுத்தவரை. நானும் என் கணவரும் பத்தாண்டுக்கு மேல் டாலஸ் நகரத்தில் இருந்தோம். அங்கே என் பெயர் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு வடிவத்தில் பதிவாகியிருந்தது.

சிங்கப்பூர்க் கடப்பிதழில் பெயர் ஒரே கட்டத்தில் இருக்கும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரிவு கிடையாது. அமெரிக்கக் கணினியில் இரண்டு கட்டங்களும் கட்டாயம் நிரப்பப்பட வேண்டும். அப்போது என்ன நடக்கிறது? “இன்னாரின் மகன்” என்பதைக் குறிக்கும் எஸ், ஓ எழுத்துகளுக்குப் பின்னால் வரும் தந்தை பெயரைச் சிலர் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். சிலர் அந்த இரண்டு எழுத்துகளையும் சாய்கோடு இல்லாமல் பெயரோடு ஒட்டிவிடுவார்கள். முதற்பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு, ‘முதற்பெயர் தெரியாதவர்’ என்பதைக் குறிக்கும் எஃப், என், யூ என்ற மூன்று எழுத்துகளை விசாவில் போடுவது அமெரிக்க வழக்கம். அந்த மூன்றெழுத்தே ஓட்டுநர் உரிமத்திலும், வங்கிக் கணக்கிலும், கடைசியில் நீதிமன்ற மனுவிலும் ஏறிவிடுகிறது. நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு மனிதரின் தந்தை பெயரும் தன் பெயரும் இப்படி இடம் மாறிப்போவது எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது.

ஆகவே அண்ணனின் பழைய அமெரிக்க ஓட்டுநர் உரிமம், விசா ஒட்டிய பழைய கடப்பிதழ், வரி ஆவணம், சம்பளச் சீட்டு என்று எது கையில் இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். அங்கே அவர் பெயர் எந்த வரிசையில் இருந்ததோ, அதே வரிசையில்தான் வழக்கறிஞரும் எழுதியிருப்பார். தந்தை பெயரில், சொந்தப் பெயரில், அந்த மூன்றெழுத்தில் என மூன்று விதமாகவும் தேடச் சொல்லுங்கள்.

இதைவிட எளிய வழி, முன்னாள் மனைவியின் பெயரில் தேடச் சொல்வது. அவருடையது அவர்களுக்குப் பழகிய பெயர், எழுத்துப்பிழைக்கு அவ்வளவு இடமில்லை. நீதிமன்றப் பட்டியல்களில் மனுதாரர் பெயரைக் கொண்டு ஒரு வரிசையும், எதிர்த்தரப்பினர் பெயரைக் கொண்டு இன்னொரு வரிசையும் இருப்பது வழக்கம். மனுதாரர் அவர்தான் என்றால் வழக்கே அவர் பெயரில்தான் தொடங்கும். திருமணத்துக்குப் பிறகு அவர் அண்ணனின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்திருந்தால் அதையும், பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். மணவிலக்கின்போது பழைய பெயருக்குத் திரும்புவதற்கும் அதே தீர்ப்பில் நீதிபதி அனுமதி தருவதுண்டு.

பணம் அனுப்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறிய கவுண்ட்டிகள் பல, தனிப்பட்ட காசோலையை ஏற்பதில்லை. அமெரிக்க அஞ்சலகத்தின் மணி ஆர்டரையோ வங்கிக் காசோலையையோதான் கேட்கும். இங்கிருந்து அதை அனுப்புவது வீண் அலைச்சல். அங்கே நண்பரோ உறவினரோ இருந்தால் அவரே மணி ஆர்டர் எடுத்து, அமெரிக்க அஞ்சல்தலை ஒட்டிய, முகவரி எழுதிய உறை ஒன்றையும் வைத்து அனுப்பிவிடலாம். நகல் அவர் வீட்டுக்கு வந்ததும், அவர் அதைத் தொடர் எண்ணுள்ள விரைவஞ்சலில் உங்களுக்கு அனுப்பட்டும். இப்போது சில கவுண்ட்டிகள் இணையத்தில் கடன் அட்டையையும் ஏற்கின்றன. அடுத்த முறை பேசும்போது கேட்டுப் பாருங்கள்.

ஜூரோங்_வாசகர் எழுதியது:

இதே உரையாடலைப் பின்னாளில் படிக்கும் வேறு மாநிலத்தவர்களுக்காக ஒரு குறிப்பு. மேலே சொன்னவை டெக்ஸஸுக்குப் பொருந்தும். பெரும்பாலான மாநிலங்களில் மணவிலக்குத் தீர்ப்பு பொது ஆவணமே, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நியூயார்க் மாநிலத்தில் அப்படியில்லை. அங்கே மணவிலக்குக் கோப்பு மூடப்பட்டது. கணவன், மனைவி அல்லது அவர்களுடைய வழக்கறிஞர் தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற ஆணையின்றிக் காட்ட மாட்டார்கள். என் தங்கைக்காக நான் எழுதியபோது, அவர் கையொப்பத்துடன் நோட்டரியின் சான்றும் கேட்டார்கள். அமெரிக்கத் தூதரகத்தில் முன்பதிவு செய்து போனால் நோட்டரி முத்திரை ஒன்றுக்கு 50 அமெரிக்க டாலர். அந்த மாநிலத்தில் கோப்பு கவுண்ட்டி எழுத்தரிடம் இருக்கும். பென்சில்வேனியாவில் அதே வேலையைப் பார்ப்பவரின் பதவிப் பெயர் ‘புரோத்தோனட்டரி’. ஜார்ஜியாவில் உயர்மன்ற எழுத்தர், மிசிசிப்பியில் சான்சரி எழுத்தர். லூசியானாவில் கவுண்ட்டி என்பதே கிடையாது, ‘பாரிஷ்’ என்பார்கள். எந்த மாநிலத்துக்கு எங்கே எழுத வேண்டும் என்ற விவரத்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தளத்தில் மாநிலவாரியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொங்கோல்வாசி எழுதியது:

மீனா அக்கா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. முன்னாள் மனைவியின் பெயரில் தேடியதும் வழக்கு கிடைத்துவிட்டது. அண்ணனின் பெயர் எங்கள் அப்பாவின் பெயரில் தொடங்கி, எழுத்தும் மாறிப் பதிவாகியிருக்கிறது. நீதிபதி கையொப்பமிட்ட இறுதித் தீர்ப்பு கோப்பில் இருக்கிறது என்று அந்தப் பெண்மணி எடுத்துப் பார்த்துச் சொன்னார். அம்மா அழுதேவிட்டார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டாலஸில் உள்ள அண்ணனின் பழைய நண்பர் மணி ஆர்டர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நகல் கேட்பதற்கு முன் மூன்று செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் காட்டும் ஆவணத்தின் கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று உறுதிசெய்யும் சான்றும் சேர்த்து வாங்க வேண்டுமா? தீர்ப்பில் உள்ள பெயர் அண்ணனின் அடையாள அட்டையோடு ஒத்துப்போகாததால் பதிவகத்தில் சிக்கல் வருமா? சிங்கப்பூர் மணவிலக்கில் இடைக்காலத் தீர்ப்பு, பிறகு அதை இறுதியாக்கும் சான்றிதழ் என்று இரண்டு தாள்கள் இருக்கின்றனவே, டெக்ஸஸிலும் இரண்டாவது தாள் ஒன்றைக் கேட்க வேண்டுமா?

பழைய_எழுத்தர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தங்கை. கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இங்கே குடும்ப நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பு வழங்கும். பொதுவாக மூன்று மாதம் கழித்தே அதை இறுதியாக்கும் சான்றிதழைப் பெற முடியும். மறுமணத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். டெக்ஸஸில் அந்த இரண்டு படிகள் இல்லை. நீதிபதி கையொப்பமிடும் இறுதித் தீர்ப்பே மணத்தை முடித்துவிடுகிறது. பொதுவாக அதன் பின் 30 நாளைக்கு மூன்றாம் நபரை மணக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. 2011இல் முடிந்த வழக்குக்கு அது எப்போதோ கடந்துபோயிற்று. ஆகவே இல்லாத இரண்டாவது தாளைத் தேடாதீர்கள். பதிவக அதிகாரி கேட்டால் இதை அமைதியாக விளக்குங்கள். கூடுதல் உறுதி வேண்டுமென்றால், அந்த வழக்கில் என்னென்ன நாளில் என்ன நடந்தது என்று காட்டும் நடவடிக்கைப் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகலையும் அதே எழுத்தரிடம் கேட்கலாம். தீர்ப்புக்குப் பின் மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்பது அதில் தெரியும்.

பெயர் வேறுபாடு பெரிய தடையாகாது, ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. தீர்ப்பில் குறிப்பிடப்பட்டவரும் அடையாள அட்டையில் உள்ளவரும் ஒருவரே என்று அண்ணன் ஒரு சட்டபூர்வ உறுதிமொழி எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிடட்டும். அதோடு அந்தப் பழைய ஓட்டுநர் உரிமம், விசா, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்தால், ஒரே மனிதர் என்பது ஐயமின்றித் தெரியும். ஹூஸ்டனில் பதிவான அந்தத் திருமணச் சான்றிதழ் இப்போதுதான் பயன்படப் போகிறது. அது இல்லையென்றால் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்ட்டியின் எழுத்தரிடம் அதன் நகலைக் கேளுங்கள். தீர்ப்பில் பெயரைத் திருத்தித் தரும்படி கவுண்ட்டி எழுத்தரைக் கேட்டுப் பயனில்லை. நீதிபதி கையொப்பமிட்ட ஆவணத்தில் ஓர் எழுத்தைக்கூட எழுத்தர் மாற்ற முடியாது.

அப்போஸ்டிலைப் பொறுத்தவரை, பணம் செலவழிப்பதற்கு முன் திருமணப் பதிவகத்துக்கு எழுதி, உங்கள் அண்ணனின் தீர்ப்புக்கு அது வேண்டுமா என்று பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கா 1981லிருந்தே அதில் உள்ளது. எனவே முன்பு போலத் தூதரகம் வரை போய் வர வேண்டியதில்லை. தேவைப்பட்டால் ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் மாநிலச் செயலாளர் அலுவலகம் ஆவணம் ஒன்றுக்கு 15 டாலர் கட்டணத்தில் அதைத் தரும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கவுண்ட்டி எழுத்தரின் மூலக் கையொப்பமும் முத்திரையும் உள்ள நகல், அதன் மேல்தான் மாநிலத்தின் சான்று. ஒளிநகலை அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். ஆகவே இப்போதே எழுத்தரிடம், “இது வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கு, அப்போஸ்டிலுக்கு அனுப்பக் கூடும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கு ஏற்ற முறையில் கையொப்பமிட்டுத் தருவார்கள். உங்கள் நண்பர் அங்கேயே இருப்பதால், நகலைச் சிங்கப்பூருக்கு அனுப்புவதற்கு முன் ஆஸ்டினுக்கு அனுப்புவதும் அவரால் முடியும். இங்கே வந்துசேர்ந்த பிறகு திரும்ப அனுப்புவது இரட்டை வேலை.

கடைசியாகக் காலக் கணக்கு. மண அறிவிப்பைத் தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்தே திருமணம் நடக்க முடியும். மூன்று மாதத்துக்குள் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பு காலாவதியாகிவிடும், மறுபடி கட்டணம் கட்டித் தொடங்க வேண்டும். தீர்ப்பின் நகல் கைக்கு வருவதற்கு முன் அறிவிப்பைத் தாக்கல் செய்யாதீர்கள். மண்டபத்துக்கும் ஐயருக்கும் முன்பணம் கொடுப்பதைக்கூட அதுவரை நிறுத்திவைப்பது நல்லது என்பேன். நகல் கேட்கும்போது இரண்டாகவே கேளுங்கள். புது வீட்டுக்கு வீவக விண்ணப்பம், அண்ணி வீட்டாருக்கு இந்தியாவில் ஏதேனும் பதிவு என்று பின்னாளில் தேவை வரும். அப்போது மறுபடியும் இரவில் டெக்ஸஸை அழைக்க வேண்டியிராது.

பொங்கோல்வாசி எழுதியது:

இரண்டு நகல்கள் கேட்டு, நடவடிக்கைப் பட்டியலையும் சேர்த்து, இன்றே நண்பருக்குக் கடிதத்தை அனுப்பிவிட்டோம். திருமணப் பதிவகத்துக்கும் அப்போஸ்டில் பற்றி எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும், இதே தேவையில் வருபவர்களுக்காக இங்கே பதிவிடுகிறேன்.